அறுபது வயதில் நிறுத்திய ரயில்: மாயவரம் முதல் தரங்கம்பாடி வரை ஓர் ஆட்டோ சவாரி

காசு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். 1,500 ரூபாய். ஆட்டோக்காரர் மயிலாடுதுறை (பழைய பெயர் மாயவரம்) ஜங்ஷன் வாசலில் ஏற்றிக்கொண்டு, பழைய ரயில் பாதையை ஒட்டியே தரங்கம்பாடி வரை கூட்டிப்போய், சாயங்காலம் திரும்ப ஜங்ஷனிலேயே இறக்கிவிடுகிறார். மூன்று பேர் வரை இதே கட்டணம். சாப்பாடு நம் செலவு. வெயிட்டிங்குக்கென்று தனியாகக் கேட்கவில்லை.

நான் கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கும் டீச்சர் ஒருவர்தான் இந்த ஆட்டோக்காரரின் நம்பரைக் கொடுத்தார். "உங்க அம்மாவுக்குப் பொறையார்தானே? ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க, சந்தோஷப்படுவாங்க" என்றார். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பொறையாரில் பிறந்து கும்பகோணத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். தாய் வீட்டுக்குப் போகவும் வரவும் அந்த ரயிலைத்தான் நம்பியிருந்தார். ஆகையால் இந்தச் சவாரிக்கு மதிப்பெண் போடும் தகுதி என்னைவிட அவருக்குத்தான் அதிகம். அவர் சொன்னதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வண்டி சுத்தம். சீட்டு ரெக்ஸின் புதிது, ஓரத்தில் பைப்பிங் வைத்து ஒழுங்காகத் தைத்திருந்தார்கள். என் கண் முதலில் அங்கேதான் போகும், என்ன செய்வது. வயதானவர்கள் காலை வைத்து ஏற ஒரு மரப்பலகை மணையை டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார். நிறுத்தும் இடத்திலெல்லாம் அதை எடுத்துப் போட்டு, அம்மாவின் கையைப் பிடித்து இறக்கி, திரும்ப ஏற்றிவிட்டுத்தான் மறு வேலை. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று திருக்கடையூர் போகும் தம்பதிகளை ஏற்றி ஏற்றி வந்த பழக்கம் என்றார். இந்த மணைக்காகவே வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களுக்கு இந்த வண்டியைச் சிபாரிசு செய்வேன்.

அப்புறம், கதை. இங்கேதான் கொஞ்சம் தகராறு.

அந்தப் பாதையின் ஜாதகம் சுருக்கமானது. 1926-ல் திறந்தார்கள், 1986-ல் மூடினார்கள். மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. நீளம் சுமார் 30 கிலோமீட்டர். மாயவரத்தில் கிளம்பி மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று நின்று நின்று போய் தரங்கம்பாடியில் முடியும். அதற்கு மேல் போக இடமில்லை, கடல்.

ஏறி உட்கார்ந்ததுமே டிரைவர், "இது டேனிஷ்காரன் போட்ட லைன் அக்கா" என்று ஆரம்பித்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டேனிஷ்காரர்கள், அதாவது டென்மார்க் நாட்டுக்காரர்கள், தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு வந்தது 1620-ல். கோட்டை கட்டி, வியாபாரம் செய்து, கடைசியில் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு வங்காளத்தில் இருந்த தங்கள் இடங்களோடு சேர்த்து இங்கிலீஷ்காரனிடம் விற்றுவிட்டுப் போனது 1845-ல். அந்த வருஷம் இந்தியாவில் எங்கேயும் பயணிகள் ரயில் கிடையாது, பம்பாயில் முதல் வண்டி ஓடியதே 1853-ல்தான். டேனிஷ்காரன் மூட்டை கட்டியதற்கும் தரங்கம்பாடிக்கு ரயில் வந்ததற்கும் நடுவில் 81 வருஷம் இருக்கிறது.

நடந்த கதை இதைவிடச் சுவாரசியமானது என்பதுதான் என் வருத்தம். தரங்கம்பாடியைக் கவிழ்த்ததே ஒரு ரயில்தான். இங்கிலீஷ்காரன் கைக்கு வந்த பிறகும் ஊருக்குக் கொஞ்ச காலம் மவுசு இருந்தது, தஞ்சாவூர் ஜில்லா கலெக்டர் கச்சேரியே அங்கே நடந்திருக்கிறது. 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் விட்டார்கள். மறு வருஷமே அது திருச்சிராப்பள்ளியைத் தொட்டது. நெல்லும் துணியும் ஏற்றுகிறவன் எங்கே போவான்? கப்பலும் ரயிலும் ஒரே இடத்தில் இருக்கிற துறைமுகத்துக்குத்தான் போவான். சரக்கெல்லாம் நாகப்பட்டினத்துக்குத் திரும்ப, தரங்கம்பாடித் துறை காலியானது. 1894-ல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்குப் பாதை போட்டார்கள், அது உள்நாட்டோடு போய்விட்டது. பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களின் காரைக்காலுக்குக்கூடப் பேரளத்திலிருந்து 1898-ல் ரயில் வந்துவிட்டது. தரங்கம்பாடி 1926 வரை காத்திருந்தது. கப்பலைப் பறித்துக்கொண்ட ரயில், கப்பல் போய் அறுபத்தைந்து வருஷம் கழித்து வாசலில் வந்து நின்றது. அதனால்தான் இந்த லைனில் பெரிய சரக்குக் கதை எதுவும் இல்லை. மீன் கூடை, கோயில் கூட்டம், படிக்கிற பிள்ளைகள், பிரசவத்துக்குத் தாய் வீடு போகும் பெண்கள், இவர்கள்தான் அந்த ரயில்.

இதை டிரைவர் சொல்ல ஆரம்பித்தால் இந்தச் சவாரிக்கு இன்னும் 500 ரூபாய் கூடவே கேட்கலாம்.

மன்னம்பந்தலில் நிறுத்தவில்லை, ஏ.வி.சி. கல்லூரி வாசலைக் கையால் காட்டிவிட்டு ஓட்டினார். 1955-ல் கல்லூரி வந்த பிறகு காலை வண்டியில் பையன்கள் கூட்டம் தாங்காது, ஜன்னல் பக்கம் இடம் கிடைக்காது என்று அம்மா புலம்பினார், ஏதோ நேற்று நடந்த மாதிரி. செம்பனார்கோயில் தாண்டி ஆக்கூர் போகும் வழியில் ஒரு வாய்க்கால் பக்கம் ஓரம் கட்டினார். நான் இந்த ஆட்டோக்காரரை மெச்சுவது இங்கேதான். பெயர்ப்பலகை கிடையாது, கோயில் கிடையாது, யாரும் நிறுத்த மாட்டார்கள். வயல் மட்டத்துக்கு மேலே இடுப்பளவு உயரத்தில் ஒரு மண் மேடு நேராகப் போகிறது. அதுதான் லைன். சீமைக் கருவை இரண்டு பக்கமும் மண்டியிருக்க, நடுவில் மட்டும் ஆடு மாடு போன தடம். வாய்க்காலின் இரு கரையிலும் செங்கல் கட்டுமானம் அப்படியே நிற்கிறது. மேலே இருந்த இரும்பை எடுத்துவிட்டார்கள். செங்கல்லுக்கு நடுவே சுண்ணாம்புக் காரை விரலால் தேய்த்தாலும் உதிரவில்லை. மேட்டின் மேல் கொஞ்ச தூரம் நடந்தேன். மழை அரித்த ஓர் இடத்தில் தண்டவாளத்துக்கு அடிக்கட்டை கிடந்த பள்ளங்கள் சம இடைவெளியில், பிரித்துப்போட்ட தையலின் ஊசித் தடம் போலத் தெரிந்தன. கருங்கல் ஜல்லி இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள், கருவை முள் ரப்பரைத் தாண்டி ஏறும். ஷூ போட்டால் நல்லது.

மேடு எல்லா இடத்திலும் இப்படி வெறுமனே இல்லை. சில இடத்தில் அதன் மேலேயே வீடு. உயரமான இடம், மழைத் தண்ணீர் ஏறாது, யார்தான் விடுவார்கள்?

திருக்கடையூரில் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாலையும் கழுத்துமாகக் கிழவனும் கிழவியும் வரிசையில் நிற்க, பேரன் பேத்திகள் போன் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே எனக்கு ஒரு குறை. கேட்காமலேயே ஒரு பூக்கடை முன்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, "மாலை வாங்கலையா அக்கா, நம்ம கடைதான்" என்றார். கமிஷன் கடை என்று பார்த்தாலே தெரிகிறது. நான் முகத்தைச் சுளிப்பதற்குள் அம்மா, "வாங்கலாம் தம்பி, மாப்பிள்ளையை முதல்ல பாரு" என்றார். பூக்கடைப் பெண் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். எங்களுக்கு அது தமாஷாகப் போய்விட்டது. எல்லோருக்கும் அப்படி இருக்காது. ரயில் பாதை பார்க்க வந்தவர்களைப் பூக்கடையில் நிறுத்துவது நியாயமில்லை.

அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. அறுபது முடிந்தால் ஊர் உலகத்தைக் கூட்டி, இன்னும் நூறு வருஷம் இரு என்று வாழ்த்துவது இந்த ஊர் வழக்கம். இதே ஊர் வழியாக ஓடிய ரயிலுக்கு அறுபது ஆனதும் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

தில்லையாடியில் அடுத்த கதை. "காந்தி இந்த ரயில்லதான் வந்து இறங்கினாரு" என்றார். காந்தி தில்லையாடிக்கு வந்தது உண்மை. தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சேர்ந்து சிறைக்குப் போய் நோயில் விழுந்து, 1914-ல் பதினாறு வயதில் இறந்துபோன வள்ளியம்மையின் குடும்பத்து ஊர் அது. அந்தப் போராட்டத்தில் இந்தப் பக்கத்து ஆட்கள் நிறைய. இந்தியா திரும்பியதும் காந்தி இந்த மண்ணைத் தேடி வந்தார். ஆனால் வந்தது 1915-ல். ரயில் வர அப்போது இன்னும் பதினோரு வருஷம் பாக்கி. இதைச் சொன்னதும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்படியாக்கா? இனிமே மாத்திச் சொல்லிடுறேன்" என்றார். சாயங்காலம் திரும்பும்போது போனில் அடுத்த சவாரிக்காரரிடம், "காந்தி வந்த லைனு சார்" என்று பேசிக்கொண்டு வந்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

பொறையார் வந்ததும் அம்மா கைட் ஆகிவிட்டார். நான் சும்மா கூட நடந்தேன். கடைத்தெரு மாறிவிட்டது, அவருக்கு முதலில் திசை பிடிபடவில்லை. ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். டிரைவரின் அப்பா ஸ்டேஷனில் சுண்டல் விற்றவர் என்பது இங்கேதான் தெரிந்தது.

"சுண்டல்காரர் மவனா நீ? மாங்காய் சீவிப் போட்டு, தையல் இலையில கொடுப்பாரே?"

"அவரேதாம்மா. ராத்திரி வண்டிக்கு மட்டும் முறுக்கு."

"முறுக்கு நமுத்துப் போயிருக்கும் தம்பி, உண்மையைச் சொல்லணும்ல."

அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசியதுதான் அந்த நாளின் நல்ல பகுதி. அட்டை டிக்கெட்டில் தேதி குத்தும் மிஷின் சத்தம். கரித்தூள் கண்ணில் விழுந்தால் முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதி ஒற்றி எடுப்பது. கல்யாணக் கோஷ்டி தெருமுனையில் வருகிறது என்றால் கார்டு கொடியை இறக்காமல் நிற்பார் என்று அம்மா சொல்ல, தாமதம் என்று யாரும் பேசினதில்லையா என்று நான் கேட்க, "எல்லாரும் கல்யாணத்துக்குத்தானேடி போறோம்" என்றார். மீன்காரப் பெண்கள் ஏறும் பெட்டி தனி. கூடைத் தண்ணீர் சொட்டும் என்று மற்றவர்கள் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். அந்தப் பெண்கள் மட்டும் பாதையின் முழு நீளத்துக்கும் பாடிக்கொண்டு போவார்களாம்.

ஏன் மூடினார்கள் என்று கேட்டதற்கு டிரைவர் அரசியல் பேச ஆரம்பித்தார். அம்மா ஒரே வரியில் முடித்தார்: "பஸ்ஸு வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு, ரயிலுக்கு யாரு நடப்பா?" 1972-ல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தது. ரோடும் தண்டவாளமும் ஒரே ஊர்களைத் தொட்டுக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. பஸ் நினைத்த இடத்தில் நிற்கும், ரயில் ஒரு நாளைக்குச் சில தடவைதான் வரும். நஷ்டக் கணக்கு காட்டி 1986-ல் நிறுத்திவிட்டார்கள். அம்மாவும் கடைசிக் காலத்தில் பஸ்ஸுக்கு மாறியவர்தான், அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமும் இல்லை.

தரங்கம்பாடி ஸ்டேஷனை நீங்களாகத் தேடினால் சிரமம். புதருக்குள் கிடக்கிறது. இவர் நேராகக் கொண்டுபோய் நிறுத்தி, அரிவாளால் இரண்டு கிளையைக் கழித்து வழி செய்தார். கூரை போய்விட்டது. சுவர் நிற்கிறது, அதுவும் அரசமரம் அனுமதித்த அளவுக்கு. வேர் ஒன்று மேலே தொடங்கி, ஜன்னல் வளைவைச் சுற்றி இறங்கி, தரையில் பிளாட்பாரக் கல்லுக்கு அடியில் நுழைந்திருக்கிறது. இப்போது அந்தச் சுவரைத் தாங்குவது வேரா, வேரைத் தாங்குவது சுவரா என்று சொல்ல முடியாது. டிக்கெட் கொடுக்கும் துளை தப்பியிருக்கிறது. என் பையில் எப்போதும் இன்ச் டேப் இருக்கும், அளந்து பார்த்தேன். ஒன்பது அங்குல அகலம், மேலே அரை வட்டம். அடிப்பக்கத்துக் கல் நடுவில் மட்டும் வழவழவென்று குழிந்திருக்கிறது. சில்லறை தள்ளித் தள்ளித் தேய்ந்தது என்கிறார் டிரைவர். இந்தக் கதையை மட்டும் நான் திருத்தவில்லை, எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அம்மா பிளாட்பாரத்தில் நின்று, என்ஜினை எங்கே கழற்றுவார்கள், பக்கத்து லைனில் பின்னுக்குப் போய் எந்தப் பக்கம் மாட்டுவார்கள் என்று கையை நீட்டிக் காட்டினார். இப்போது அங்கே ஆடு கட்டியிருக்கிறது. முளைக்குச்சிக்குப் பதிலாக, நட்டுவைத்த பழைய தண்டவாளத் துண்டு. அந்த வட்டாரத்தில் வேலிக்கும் கொடிக்கம்பத்துக்கும் அதைத்தான் நட்டிருக்கிறார்கள், பார்த்துக்கொண்டே வாருங்கள். அவசரமே படுத்தாமல் அங்கே எங்களை விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி வண்டியில் உட்கார்ந்துகொண்டார். பாட்டுப் போடவில்லை. இதற்குத் தனியாக ஒரு மதிப்பெண்.

மற்றதெல்லாம் வழக்கமான டூர். 1792-ல் கட்டிய நகர வாசல், ராஜா தெரு, டான்ஸ்போர்க் கோட்டை, அதற்குள் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். 1706-ல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கியது, பிறகு அச்சுக்கூடம் வைத்து 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அடித்து முடித்தது, இதையெல்லாம் சரியாகச் சொன்னார். பலகையில் எழுதியிருப்பதை மனப்பாடம் செய்திருக்கிறார், தப்பில்லை. கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில், 1306-ம் ஆண்டுப் பாண்டியர் காலத்தது. முன்பக்கத்தைக் கடல் விழுங்கிவிட்டது, பாறாங்கல் கொட்டி மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். வெயிலில் அம்மாவால் முடியவில்லை, வாசலோடு திரும்பினோம்.

சாப்பாட்டுக்கு அவர் காட்டிய மெஸ் பரவாயில்லை. மீன் குழம்பு நன்றாக இருந்தது, புளி அளவாக, தேங்காய் அரைத்து விடாமல். கிழங்கான் வறுவல் எண்ணெய் குடித்திருந்தது. சாப்பாடும் வறுவலும் சேர்த்து வாங்கிய காசு கும்பகோணத்தில் கொடுப்பதைவிட அதிகம், ஆனால் சோறு கேட்கக் கேட்கப் போட்டார்கள்.

திரும்பும் வழியில், "லைன் திரும்ப வந்துடும் அக்கா, காரைக்காலுக்குப் போட்டாங்கள்ல" என்றார். பேரளம்–காரைக்கால் பாதையை 1987-ல் மூடியவர்கள் இப்போது அகலப் பாதையாகத் திரும்பப் போட்டிருக்கிறார்கள் என்பது வாஸ்தவம். 2020-ல் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆன பிறகு இந்தப் பேச்சு இங்கே இன்னும் பலமாகியிருக்கிறது. காரைக்காலுக்குத் துறைமுகம் இருக்கிறது, நிலக்கரி ஏற்றலாம். தரங்கம்பாடிக்கு என்ன ஏற்றுவார்கள்? திருக்கடையூர்க் கூட்டத்தை ஏற்றலாம் என்றார் அவர். அது நல்ல பதில்தான். ஆனால் மேட்டின் மேல் வீடு கட்டிக் குடியிருப்பவர்களை என்ன செய்வது என்பதற்கு அவரிடமும் பதில் இல்லை. அவர் அக்கா மகள் வீடும் அங்கேதான் இருக்கிறதாம்.

போக நினைப்பவர்களுக்கு: தை, மாசி மாதங்களில் போங்கள், மேட்டில் நடக்க முடியும். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் பக்கம் கால் வைக்க முடியாது. காலை எட்டு மணிக்கே கிளம்பச் சொல்லுங்கள், அவர் ஒன்பது என்பார். குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், செம்பனார்கோயிலுக்கும் ஆக்கூருக்கும் நடுவில் நிறுத்தும் இடத்தில் கடை இல்லை. பூக்கடை வேண்டாம் என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். வீட்டில் அந்த ரயிலில் போன பெரியவர் யாராவது இருந்தால் கண்டிப்பாகக் கூட்டிப்போங்கள், மூன்று பேர் கட்டணத்துக்குள்தான் வரும், டேனிஷ்காரன் கதையும் பாதியாகக் குறையும். நான் ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். அம்மா மூன்றரை என்கிறார், பொறையாரில் இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தியிருக்கலாமாம்.